48 மணி நேரம் எங்களுக்கு மட்டும்தானா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்பில் 1979-இல் சேர்ந்து, 2003 ஜூலையில் ஹவில்தாராக ஓய்வு பெற்றவன். ஊர், பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தில் ஒரு கிராமம். என் டிரேடு கிளார்க். லே, தேஜ்பூர், பதான்கோட் என்று யூனிட் போன இடமெல்லாம் நானும் என் டைப்ரைட்டரும் போனோம். ஜவானுக்குக் கல்யாணம் ஆனாலும், குழந்தை பிறந்தாலும், விடுப்பில் போனாலும், அடிபட்டு ஆஸ்பத்திரியில் படுத்தாலும் அது பார்ட் டூ ஆர்டர் என்ற பட்டாளத்துப் பதிவில் ஏற வேண்டும். ஏறாவிட்டால் பின்னால் அவன் குடும்பத்துக்கு ஒரு பைசா கிடைக்காது. 24 வருஷம் அந்த வேலையைத்தான் பார்த்தேன். காகிதம் எனக்குப் பயமில்லை. அப்படிப்பட்ட எனக்கே ஒரு மருத்துவ பில்லுக்குக் கட்டிய பணத்தைத் திரும்பப் பெற 13 மாதம் ஆனது. அந்த 13 மாதத்தில் நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

ஒன்றரை வருஷத்துக்கு முன், ஒரு சனிக்கிழமை இரவு. பதினொன்று இருக்கும். தூங்கிக்கொண்டிருந்த என் மனைவி எழுந்து உட்கார்ந்து தாடையைப் பிடித்துக்கொண்டாள். "பல் வலி மாதிரி இருக்குங்க" என்றாள். விளக்கைப் போட்டுப் பார்த்தேன். மின்விசிறி ஓடிக்கொண்டிருக்கிறது, ஆனால் ரவிக்கை முழுக்க நனைந்திருக்கிறது. நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நிற்கிறது. கொஞ்ச நேரத்தில் வலி இடது தோளுக்கு இறங்கியது. நெஞ்சு வலி என்று அவள் ஒரு தடவை கூடச் சொல்லவில்லை. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, மாரடைப்பு இப்படித் தாடையிலும் தோளிலும் காட்டலாம் என்று பிறகு டாக்டர் சொன்னார். மச்சினன் மகன் நான்கு வீடு தள்ளி இருக்கிறான், கார் வைத்திருக்கிறான். "மாமா, பின்னாடி ஏறுங்க" என்று சொன்னவன், ஒன்பது கிலோமீட்டரில் இருக்கும் டவுனில் விளக்கு எரிந்த முதல் ஆஸ்பத்திரியில் நிறுத்தினான். அவசரப் பிரிவுக்குள் ஸ்ட்ரெச்சர் போனபோது சுவர்க் கடிகாரத்தில் 11.50. யூனிட்டில் பழகிய பழக்கம், நேரத்தைப் பார்த்து மனதில் குறித்துக்கொண்டேன்.

ஈ.சி.ஜி. எடுத்தார்கள். இளம் டாக்டர் அந்தத் தாளை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஐயா, பெரிய அட்டாக். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி இப்போதே போடணும். தாமதம் ஆக ஆக இதயத் தசை செத்துக்கிட்டே போகும்" என்றார். நான் சட்டைப் பையிலிருந்து ஈ.சி.எச்.எஸ். அட்டையை, அதாவது முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டத்தின் அட்டையை, எடுத்துக் கொடுத்தேன். கவுன்டரில் இருந்த பையன் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஐயா, இது எங்க ஆஸ்பத்திரியில் செல்லாதுங்க" என்று மரியாதையாகத் திருப்பித் தந்தான். அட்டை செல்லுபடியாகும் ஆஸ்பத்திரி, நாங்கள் நின்ற இடத்திலிருந்து 46 கிலோமீட்டர். "அங்கே கூட்டிட்டுப் போகலாமா?" என்று டாக்டரைக் கேட்டேன். "வழியில் இதயம் நின்றுவிட்டால் காரில் என்ன செய்வீங்க?" என்றார். கையெழுத்துப் போட்டேன். 12.05-க்கு ஊசி ஏறியது. இன்று என் மனைவி வாசலில் உட்கார்ந்து பூக்கட்டுகிறாள் என்றால் அந்தக் கால் மணி நேரம்தான் காரணம்.

வாசகர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம் சொல்ல வேண்டும். ஈ.சி.எச்.எஸ். என்ற முன்னாள் படைவீரர் பங்களிப்பு சுகாதாரத் திட்டம் 2003 ஏப்ரல் 1-இல் தொடங்கியது. அதற்குப் பிறகு ஓய்வு பெற்ற எல்லோரும் கட்டாயம் பங்களிப்புக் கட்டி உறுப்பினர் ஆக வேண்டும். ஏப்ரலில் திட்டம் வந்தது, ஜூலையில் நான் வந்தேன். கட்டாயமாகச் சேர்ந்த முதல் தொகுதியில் நானும் ஒருவன். இப்போது ஓய்வு பெறும் ஹவில்தார் வரையிலானவர்கள் ஒரே தடவையாக 30,000 ரூபாய் கட்டுகிறார்கள். நாயப் சுபேதார் முதல் சுபேதார் மேஜர் வரை 67,000. அதிகாரிகள் 1,20,000. 1996-க்கு முன் ஓய்வு பெற்றவர்களுக்குக் கட்டணம் இல்லை. உடம்புக்கு முடியவில்லை என்றால் முதலில் திட்டத்தின் சொந்த மருத்துவ நிலையமான பாலிகிளினிக் போக வேண்டும். அங்கே ரெஃபரல், அதாவது பரிந்துரைச் சீட்டு, வாங்கி, எம்பேனல் ஆன, அதாவது திட்டத்தின் பட்டியலில் உள்ள, தனியார் மருத்துவமனைக்குப் போனால் கையிலிருந்து பணம் கொடுக்காமல் சிகிச்சை பெறலாம். அவசரம் என்றால் ரெஃபரல் இல்லாமலேயே அந்த ஆஸ்பத்திரிக்குப் போகலாம். பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரிக்கு அவசரத்தில் போக நேர்ந்தால், 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் கொடுக்க வேண்டும். பணத்தை நாமே கட்டி, பிறகு பில்களைக் கொடுத்து ரீஇம்பர்ஸ்மென்ட் கேட்க வேண்டும். மத்திய அரசு ஊழியர்களுக்கான சி.ஜி.எச்.எஸ். திட்டத்தின் விகிதப்படி, அல்லது உண்மையில் கட்டிய தொகை, இரண்டில் எது குறைவோ அதைத் தருவார்கள்.

இந்தத் திட்டத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அது இல்லாத காலத்தையும் பார்த்தவன். அன்றைக்கு மிலிட்டரி ஆஸ்பத்திரிதான் கதி, அதுவும் பணியில் இருப்பவர்களுக்குப் போக இடம் இருந்தால்தான். எனக்குக் கண்புரை அறுவை சிகிச்சை இந்த அட்டையில்தான் நடந்தது. மனைவியின் சர்க்கரை மாத்திரை மாதாமாதம் பாலிகிளினிக்கில் வாங்குகிறோம். அந்த ராத்திரி பிழைத்தவளை நான்காம் நாள் ஆம்புலன்சில் வைத்து எம்பேனல் ஆஸ்பத்திரிக்கு மாற்றி, அங்கே ஆஞ்சியோ செய்து ஸ்டென்ட் வைத்தார்களே, அதற்கு ஒரு ரூபாய் நான் தரவில்லை. திட்டம் நல்ல திட்டம். நான் பேசுவது அந்த முதல் நான்கு நாளின் பில்லைப் பற்றி. ரூ.1,34,600.

அப்புறம் அந்த 48 மணி நேரம். சனி இரவு 11.50-க்குத் தொடங்கியது. ஞாயிறு பாலிகிளினிக் விடுமுறை. திங்கள் அரசு விடுமுறை. செவ்வாய்க் காலை அது திறக்கும்போது என் 48 மணி நேரம் முடிந்து எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். விதி தெரிந்ததால் ஞாயிறு மத்தியானம் ஐ.சி.யூ. வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, மருந்துக் கடையில் ஒரு வெள்ளைத் தாள் கேட்டு வாங்கி எழுதினேன். சர்வீஸ் எண், ரேங்க், அட்டை எண், நோயாளி பெயர், உறவு, அனுமதித்த தேதி, நேரம், ஆஸ்பத்திரி பெயர், நோய். மச்சினன் மகன் அதைப் போனில் படம் எடுத்து பாலிகிளினிக் மெயிலுக்கு அனுப்பினான். போன நேரம் மாலை 3.12. செவ்வாய்க் காலை கதவு திறக்கும்போது அதே கடிதத்தின் இரண்டு நகலோடு போய் நின்று, ஒன்றில் சீல் வாங்கிக்கொண்டேன். ஐ.சி.யூ.வில் பெண்டாட்டி கிடக்கும்போது எத்தனை பேருக்கு இது தோன்றும்? எனக்குத் தோன்றியது, 24 வருஷம் இதே வேலையைப் பார்த்தவன் என்பதால். பெரும்பாலானவர்கள் டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்த பிறகுதான் பாலிகிளினிக் ஞாபகம் வந்து போகிறார்கள். போனால், ஏன் தாமதம் என்று விளக்கம் எழுதச் சொல்வார்கள். அங்கேயே பாதிப் பேருக்கு நம்பிக்கை போய்விடும்.

பணத்துக்கு என்ன செய்தேன் என்று சொல்லவில்லை. முதல் நாள் மச்சினன் மகன் கொடுத்ததும் ஏ.டி.எம்.மில் எடுத்ததும். மீதிக்கு மனைவியின் சங்கிலியையும் இரண்டு வளையலையும் கூட்டுறவு வங்கியில் வைத்தேன். அவள் ஐ.சி.யூ.வுக்குள் போகும்போது நர்ஸ் கழற்றிக் கொடுத்த நகைகள் அவை. கர்சீப்பில் முடிந்து என் பையிலேயே இருந்தன.

வீடு வந்து சேர்ந்ததும் கிளெய்ம் வேலையைத் தொடங்கினேன். விண்ணப்பம், ஒரிஜினல் பில்கள், பணம் கட்டிய ரசீதுகள், டிஸ்சார்ஜ் சம்மரி, சிகிச்சை செய்த டாக்டர் கொடுத்த எமர்ஜென்சி சர்டிபிகேட், பரிசோதனை முடிவுகள், அட்டை நகல், வங்கிக் கணக்குக்காக ரத்து செய்த காசோலை. தேதி வாரியாக அடுக்கி, பக்கத்துக்குப் பக்கம் எண் போட்டு, முன்னால் ஒரு பொருளடக்கமும் வைத்தேன். மொத்தம் 83 பக்கம். டிஸ்சார்ஜ் ஆன நாற்பதாம் நாள் ஒப்படைத்தேன்.

நான்காம் மாதம் முதல் அப்சர்வேஷன் வந்தது. இது பட்டாளத்து வார்த்தை, குறை இருக்கிறது என்று கோப்பைத் திருப்பி அனுப்புவதற்குப் பெயர். என்ன குறை? எமர்ஜென்சி சர்டிபிகேட்டில் 14-ஆம் தேதி இரவு 11.50 என்று இருக்கிறது. பில்லில் அனுமதித்த தேதி 15, நேரம் 00.20. தேதி பொருந்தவில்லை. நடந்தது இதுதான்: டாக்டர் நோயாளியைப் பார்த்த நேரத்தை எழுதினார். பில் போடும் கம்ப்யூட்டர், கவுன்டரில் பெயர் பதிந்த நேரத்தை எழுதியது. நடுவில் நள்ளிரவு வந்து தேதி மாறிவிட்டது. ராத்திரியில் உயிருக்குப் போராடி வரும் எல்லா நோயாளிக்கும் இது நடக்கும். ஊசி போட்டது 12.05 என்று கேஸ் ஷீட்டில் இருக்கிறது. 00.20-க்கு அனுமதித்தவளுக்கு 12.05-க்கு எப்படி ஊசி போட முடியும் என்று யாராவது ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் விடை கோப்புக்குள்ளேயே கிடைத்திருக்கும். யோசிக்கவில்லை. அந்த இளம் டாக்டர் அதற்குள் மேல்படிப்புக்குப் போய்விட்டார். ஆஸ்பத்திரியில் வேறொருவரிடம் விளக்கக் கடிதம் வாங்க மூன்று வாரம் நடந்தேன்.

எட்டாம் மாதம் இரண்டாவது. மருந்து பில்களில் சிகிச்சை செய்த டாக்டரின் கையெழுத்தும் சீலும் இல்லை. மொத்தம் 37 பில். ஆஸ்பத்திரி மருந்துக் கடையில் ஒவ்வொரு தடவை வாங்கும்போதும் ஒரு சின்னச் சீட்டு தருவார்களே, அவை. எல்லாம் தெர்மல் தாள். இந்தத் தாளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சூட்டில் எழுத்து விழும் தாள் அது. மை கிடையாது. பீரோவுக்குள் வைத்தாலும் மாதம் போகப் போக எழுத்து பழுப்பாகி, பிறகு வெறும் தாளாகிவிடும். பிளாஸ்டிக் உறையில் போட்டால் இன்னும் சீக்கிரம் போகும். இந்த விஷயம் தெரிந்து, வாங்கிய அன்றே எல்லாச் சீட்டையும் ஜெராக்ஸ் எடுத்து ஒரிஜினலோடு பின் அடித்து வைத்திருந்தேன். எட்டு மாதம் கழித்துக் கோப்பு திரும்பி வந்தபோது ஒரிஜினல்களில் பாதியைப் படிக்க முடியவில்லை. ஜெராக்ஸைப் பார்த்துத்தான் டாக்டர் கையெழுத்துப் போட்டார். நகல் எடுத்து வைக்காதவன் என்ன செய்வான்? அவன் கொடுத்தபோது பில் நன்றாகத்தான் இருந்தது. அலுவலகத்தில் காத்திருந்த காலத்தில் அழிந்தது.

பதினோராம் மாதம் மூன்றாவது. "எம்பேனல் மருத்துவமனைக்கு நோயாளியைக் கொண்டு செல்லாததற்குக் காரணம் தெரிவிக்கவும்."

முதல் இரண்டையும் நான் பொறுத்துக்கொண்டேன். கணக்கு என்றால் கேள்வி வரும், அது எனக்குத் தெரியும். இந்த மூன்றாவது என்னை உலுக்கிவிட்டது. அன்று ராத்திரி முழுவதும் தூங்கவில்லை. ஈ.சி.ஜி. கோப்பில் இருக்கிறது. டாக்டர் சான்றிதழ் இருக்கிறது. திட்டத்தின் விதியிலேயே அவசர நோய்களுக்கு ஒரு பட்டியல் உண்டு: மாரடைப்பு, பக்கவாதம், மூச்சுத் திணறல், உயிருக்கு ஆபத்தான காயம், பாம்புக்கடி, விஷம் என்று போகும். அதில் முதலில் நிற்பதே இதயம்தான். பிறகும், ஏன் அவளை 46 கிலோமீட்டர் கொண்டு போகவில்லை என்று என்னைக் கேட்கிறார்கள். என் மனைவி அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. தமிழில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நான் போயிருந்தா இந்தக் கேள்வியே வந்திருக்காது இல்லைங்க" என்றாள். அந்த வார்த்தையை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

பதிலை எழுதினேன். இரு ஆஸ்பத்திரிகளின் தூரம், இரவு நேரம், ஊசி போட்ட நேரம், நோயாளியை நகர்த்துவது ஆபத்து என்று டாக்டர் கேஸ் ஷீட்டில் எழுதிய வரியின் பக்க எண். பதிமூன்றாம் மாதம் வங்கிக் கணக்கில் ரூ.71,250 வந்தது. ஐ.சி.யூ.வுக்கு நாளுக்கு 5,400 ரூபாய் என்பது 2023 ஏப்ரலில் சி.ஜி.எச்.எஸ். நிர்ணயித்த விகிதம். ஆஸ்பத்திரி என்னிடம் வாங்கியது நாளுக்கு 11,000. வேறு பல இனங்களுக்கு அப்போது நடப்பில் இருந்தது 2014-இல் போட்ட விகிதம்தான். மத்திய அரசு அவற்றைப் பெரிய அளவில் திருத்தியது 2025 அக்டோபரில். அந்தக் கழிவைப் பற்றி நான் வழக்காட வரவில்லை. பொதுப் பணத்துக்கு ஒரு வரம்பு வேண்டும். பொய் பில் போட்டு அரசை ஏமாற்றும் இடங்களும் இருக்கத்தான் செய்கின்றன, அதனால் ஆராய்ந்துதான் பணம் தர வேண்டும். ஆனால் ஒரு விஷயத்தை மட்டும் எனக்கு யாராவது விளக்க வேண்டும். தேதி பொருந்தாதது முதல் நாளே கோப்பில் இருந்தது. மருந்துச் சீட்டில் கையெழுத்து இல்லாதது முதல் நாளே இருந்தது. ஆஸ்பத்திரி பட்டியலில் இல்லை என்பதும் முதல் நாளே, முதல் பக்கத்திலேயே இருந்தது. மூன்றையும் ஒரே தாளில் ஏன் கேட்கவில்லை?

நான் ஜூனியர் கிளார்க்காக இருந்தபோது எங்கள் ஹெட் கிளார்க் ஒரு சுபேதார் சாகிப். ஒரு தடவை ஒரு ஜவானின் பயணப்படி பில்லில் ஒரு குறையைக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பினேன். அது சரியாகி வந்தது. அப்போதுதான் இன்னொரு குறை கண்ணில் பட்டது, மறுபடி திருப்பினேன். சாகிப் என்னைக் கூப்பிட்டார். "முதல் தடவை கடைசிப் பக்கம் வரை படித்தாயா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்போ இந்த இரண்டாவது தாமதம் அவன் தப்பு இல்லை, உன் தப்பு. பில்லை நீயே சரிபண்ணிப் பாஸ் பண்ணு" என்றார். அந்த ஜவான் அன்று சியாச்சின் பக்கம் ஒரு போஸ்டில் இருந்தான். கோப்பு அவனிடம் போய்த் திரும்ப ஒரு மாதம் ஆகும். அதற்குப் பிறகு நான் ஓய்வு பெறும் வரை, ஒரு கோப்பில் எல்லா அப்சர்வேஷனையும் ஒரே தாளில்தான் எழுதினேன்.

சட்டமும் எங்கள் பக்கம்தான் இருக்கிறது. மத்திய அரசில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற சிவகாந்த் ஜா தொடுத்த வழக்கில் 2018 ஏப்ரல் 13 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அவர் சி.ஜி.எச்.எஸ். பயனாளி. பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரியில் அவசரத்தில் இதய சிகிச்சை எடுத்தவர். அரசாணையில் அந்த ஆஸ்பத்திரியின் பெயர் இல்லை என்பதாலேயே ஒருவரின் மருத்துவச் செலவை மறுக்க முடியாது என்றது நீதிமன்றம். சிகிச்சை உண்மையில் நடந்ததா, டாக்டரும் ஆஸ்பத்திரியும் சான்றளித்த பதிவு அதற்கு இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். அது உறுதியானால் தொழில்நுட்பக் காரணம் காட்டித் தட்டிக்கழிக்கக் கூடாது. ஓய்வூதியர் தாள்களைக் கொடுத்ததிலிருந்து ஒரு மாதத்துக்குள் பணத்தைத் தர வேண்டும் என்றும் சொன்னது. ஒரு மாதம். நான் அந்தத் தீர்ப்பின் நகலையும் மூன்றாவது பதிலோடு சேர்த்துத்தான் அனுப்பினேன். எங்களுக்கு விகிதம் கணக்குப் போடும்போது சி.ஜி.எச்.எஸ்.ஸைப் பார்க்கிறீர்கள். காலக்கெடுவுக்கும் அதே சி.ஜி.எச்.எஸ். ஓய்வூதியர் வாங்கித் தந்த தீர்ப்பைப் பார்க்க வேண்டும் அல்லவா?

என் 48 மணி நேரம் தவறியிருந்தால் என் தலையில் விடியும். அவர்களுக்கு நாலு மாதம், எட்டு மாதம், பதினொரு மாதம் ஆனதற்கு யாரிடமும் யாரும் விளக்கம் கேட்கவில்லை. அடகு நகைக்கு வட்டி மட்டும் மாதம் தவறாமல் ஏறிக்கொண்டிருந்தது.

இதையெல்லாம் எனக்காக மட்டும் எழுதவில்லை. எனக்குப் பாதிப் பணமாவது வந்துவிட்டது, நகையைத் திருப்பிவிட்டேன். எங்கள் தெருக் கோடியில் ஓர் அம்மா இருக்கிறார். அவர் கணவர் 1971 போரில் இருந்தவர், நாயக்காக ஓய்வு பெற்றவர். மூன்று வருஷத்துக்கு முன் மூச்சுத் திணறலில் அவரை அருகிலிருந்த தனியார் ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஆறு நாள் வென்டிலேட்டரில் இருந்து இறந்துபோனார். பில்லுக்காக நிலத்தில் ஒரு பகுதியை விற்றார்கள். கிளெய்ம் போட்டபோது, அட்டைக்காரர் இறந்துவிட்டதால் முத்திரைத்தாளில் பிரமாணப் பத்திரம், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம், இறப்புச் சான்றிதழ் எல்லாம் கேட்டார்கள். மகன் ஒருவர் வெளிநாட்டில். மகள் ஒருவர் வடக்கே. படிவம் ஆங்கிலத்தில். அந்த அம்மாவுக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். இரண்டு தடவை கோப்பு திரும்பி வந்தது. மூன்றாம் தடவை அனுப்பவில்லை. பில்களை அவர் கணவரின் மெடல்கள் இருக்கும் டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார். "போனது போச்சு தம்பி, இனி யாரிடம் போய் நிற்கிறது" என்கிறார்.

இப்படிக் கைவிடப்பட்ட கோப்பு எந்தக் கணக்கிலும் நிராகரிப்பு என்று வராது. திரும்ப வரவில்லை, அவ்வளவுதான்.

நான் கேட்பது பெரிதாக எதுவும் இல்லை. புதிதாகப் பணம் ஒதுக்கவும் வேண்டாம். கோப்பு கைக்கு வந்ததும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒருவர் படிக்கட்டும். குறை எத்தனை இருந்தாலும் ஒரே தாளில், ஒரு மாதத்துக்குள் கேட்கட்டும். அந்தத் தாளில் இல்லாத புதுக் கேள்வி பிறகு எழக்கூடாது என்று உத்தரவு வரட்டும். நோய் திட்டத்தின் அவசரப் பட்டியலிலேயே இருந்து, டாக்டர் சான்றிதழும் கொடுத்திருந்தால், ஏன் வேறு இடம் போகவில்லை என்று நோயாளியின் வீட்டாரைக் கேட்பதை நிறுத்தட்டும். அந்த 48 மணி நேரத் தகவலை ராத்திரியோ ஞாயிற்றுக்கிழமையோ ஒரு போன் அழைப்பில் பதிந்து எண் வாங்கிக்கொள்ள எல்லாப் பாலிகிளினிக்கிலும் வழி இருக்கட்டும். படிவங்கள் தமிழிலும் இருக்கட்டும். விதவைகளுக்குப் படிவம் நிரப்பித் தர வாரத்தில் ஒரு நாள் ஒரு ஆளை உட்கார வைத்தால் நல்லது. சம்பளம் தர வழி இல்லை என்றால் என்னைப் போன்ற ஓய்வு பெற்ற கிளார்க்குகள் ஒவ்வொரு தாலுகாவிலும் இருக்கிறோம், கூப்பிட்டால் வந்து உட்காருவோம்.

இதைப் படிக்கும் முன்னாள் படைவீரர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் ஒன்று. எம்பேனல் ஆஸ்பத்திரிகளின் பட்டியலை இன்றே எடுத்து, உங்கள் வீட்டுக்கு எது பக்கம், எத்தனை கிலோமீட்டர் என்று பார்த்து, பாலிகிளினிக் மெயில் முகவரியோடு ஒரு தாளில் எழுதி அட்டையோடு வையுங்கள். அவசரத்தில் வேறு ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தால் யோசிக்காமல் போங்கள், உயிர்தான் முதலில். போன பிறகு யாராவது ஒருவரிடம் தகவல் அனுப்பும் பொறுப்பை ஒப்படையுங்கள். எமர்ஜென்சி சர்டிபிகேட்டில் நேரமும் தேதியும் பில்லோடு பொருந்துகிறதா என்று ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வரும் முன் பாருங்கள். ஒவ்வொரு மருந்துச் சீட்டிலும் அங்கேயே கையெழுத்து வாங்குங்கள். ஈ.சி.ஜி. உட்பட எல்லாவற்றையும் அன்றைக்கே ஜெராக்ஸ் எடுங்கள். மறந்துவிடாதீர்கள், தெர்மல் தாள் காத்திருக்காது.

அந்த அம்மாவிடம் போன வாரம் மறுபடி பேசினேன். முதலில் வேண்டாம் என்றார். பிறகு சாவியை எடுத்து வந்து டிரங்குப் பெட்டியைத் திறந்தார். பில்களில் பாதி வெளுத்துத்தான் போயிருக்கின்றன, ஆனால் ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரில் நகல் எடுக்க முடியும் என்று விசாரித்து வைத்திருக்கிறேன். வெளிநாட்டு மகனின் சம்மதக் கடிதம் தபாலில் வந்துகொண்டிருக்கிறது. தாமதத்துக்கான விளக்கக் கடிதத்தை நான் எழுதிவிட்டேன், அவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். வருகிற செவ்வாய்க்கிழமை காலை முதல் பஸ்ஸில் இருவரும் பாலிகிளினிக் போகிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஹவில்தார் (கிளார்க்),
மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்